சேர்க்க இரண்டு பேர் வேண்டும்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று காலையில் என் மகன் கிளமெண்டின் வலையை அறுத்துவிட்டார்கள். கரையிலிருந்து மூன்று மைல்கூட இல்லை. ஐந்து மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்பது சட்டம். வந்தது. வலை மேலேயே ஏறிப் போனது. தடுக்கப் போன பக்கத்து வள்ளக்காரனை இரும்புக் கம்பியால் வாயிலேயே அடித்திருக்கிறார்கள். முன்பல் நான்கையும் கையில் பொத்திக்கொண்டு கரையேறினான். என்னிடம்தான் கழுவத் தண்ணீர் கேட்டான். பல்லைக் கழுவ.

கிளமெண்ட் சாப்பிடவில்லை. மீன் குத்துகிற மண்டாவை மடியில் வைத்துத் தீட்டிக்கொண்டே இருந்தான்.

என் பேத்தி ஆஞ்சலின் மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்து, அறுத்த படகின் எண்ணைக் கரைமணியில் ஏற்றினாள். கரைமணி அவள் உண்டாக்கிய செயலி. கரையில் எல்லார் போனிலும் இருக்கிறது. விசைப்படகு எல்லைக்குள் வந்தால் பார்த்தவர் குறிக்கலாம், எல்லாருக்கும் தெரியும். கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்கலாம், அக்கம்பக்கத்துப் படகு எல்லாவற்றிலும் மணி அடிக்கும். அதற்கு எழுதிய நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறதாம். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஆஞ்சல் கையில். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: குழம்புக்கு உப்பு எந்த வீட்டிலிருந்தும் வரலாம், கரண்டி ஒருத்தி கையில்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். ஆனாலும் நடந்ததைத் தேதி போட்டு எழுதாமல் இருக்க மாட்டேன். 1986 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, கயித்தான் தன் விசைப்படகை என் புருஷன் லாசரின் கட்டுமரத்தின் மேல் ஏற்றினான். லாசர் நீந்திவந்து அவன் படகின் விளிம்பைப் பிடித்தார். பிடித்த கையைக் கட்டையால் அடித்தான். விடவில்லை. அப்புறம் தலையில் அடித்தான். கோர்ட்டில் வக்கீல் என்னிடம் தேதி கேட்டபோது பதினெட்டு என்று சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் இருந்ததாகக் கயித்தான் சீட்டு வைத்திருந்தான். வெளியே வந்துவிட்டான். அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். இது முப்பத்தோராவது நோட்டு.

பிப்ரவரி 8, வியாழன்

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

மதியம் மூன்று பேர் வந்தார்கள். நான் கொல்லையில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஞ்சலின் குரல் கேட்டது. போன வாரம் யாரோ ஒரு திருத்தம் அனுப்பியிருந்தானாம், அதைச் சேர்த்தால் குறிப்பிட்ட இருபது படகுகள் யார் போனிலும் தெரியாது. அதைச் சேர்க்கச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

"ஒரு பொத்தான் தானே தங்கச்சி. அமுக்கு, போயிருதோம்."

"அமுக்க மாட்டேன்."

"எந்தக் கையால அமுக்க மாட்ட?"

நான் உள்ளே வருவதற்குள் ஒருவன் அவள் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். ஒருவன் வலது கையை என் அம்மி மேல் விரித்துப் பிடித்திருந்தான். மூன்றாமவன் குழவியைத் தூக்கினான். மூன்று முறை இறக்கினான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குப் புதிதில்லை, ஆனால் பேத்தியின் எலும்பு.

உலையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு தூக்கி, குழவி வைத்திருந்தவன் கழுத்தில் ஊற்றினேன். தோல் கஞ்சியோடு சேர்ந்து வழிந்தது. அவன் போட்ட சத்தத்தில் மற்ற இருவரும் ஓடினார்கள். எனக்கு வருத்தம் இல்லை. பானை உடைந்துவிட்டது, அதற்கு வருத்தம்.

ஆஞ்சலுக்கு மூன்று விரல் நொறுங்கிவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். அனுப்பியது கயித்தான் மகன் ரெமிஜியூஸ்தான் என்று போலீசில் சொன்னேன். "பாத்தியா ஆச்சி?" என்று ஆஞ்சல் கேட்டாள். பார்க்க வேண்டியதில்லை. அந்த வீட்டை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஆஸ்பத்திரியில் இருந்தோம். தவக்காலத்துச் சிலுவைப்பாதை இன்னும் தொடங்கவில்லை. எனக்கு இந்த வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

ஆஞ்சல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் இடது கையால் கணினியைத் திறந்தாள். இந்த வேலையில் அவளுக்குக் கூட்டாளி நாகப்பட்டினத்தில் இருக்கிற கலைமுகில். அவனைப் போனில் கூப்பிட்டு, குரலைச் சத்தமாக வைத்தாள்.

"தனியா ஒருத்தி கையில இருந்ததாலதான உடைச்சான் கலை. இனிமே தனியா யாராலயும் முடியாதுன்னு ஆக்கிருவோம். அப்புறம் எந்தக் கைய உடைச்சும் பிரயோசனமில்லன்னு அவனுக்கே தெரியணும்."

காலண்டர் தாளின் பின்னால் இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள். திருத்தம் எழுதியவரே அதைச் சேர்க்கக் கூடாது. இரண்டு பேர் முழுசாக வாசித்துச் சரி சொல்ல வேண்டும், ஒரு வரியைக்கூடத் தாண்டக் கூடாது. ஆளுக்கொரு சாவி. இரண்டு சாவியும் தொட்டால்தான் சேரும். தாமதம் ஆனால் காரணத்தை எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டும். அடுத்தது, யார் எழுதியது என்று பார்க்கக் கூடாது, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும்தான்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "திருடன் நல்ல சேலை கொண்டுவந்து குடுத்தா உடுத்திக்குவியாட்டி?"

"கிழிசல் இல்லன்னா உடுத்திக்குவேன் ஆச்சி."

"அவன் எங்க எடுத்தான்னு கேக்க மாட்ட?"

"நூல் நூலா பிரிச்சுப் பாத்திருவோம். அதுக்குத்தான் ரெண்டு பேரு."

எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒரு யோசனை சொன்னேன். சாவி தொலைந்தது என்று சொல்லிப் புதுச் சாவி கேட்டு எவனாவது வருவான். உடனே கொடுக்கக் கூடாது. ஏழு நாள் காக்க வைக்க வேண்டும். "அவசரமா வாறவன் எவனும் நல்லதுக்கு வாறதில்ல," என்றேன். லாசரின் கேசைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று அவசரப்பட்டு வந்தவர்களை நான் மறக்கவில்லை.

போனில் கலைமுகில் சிரித்தான். "ஆச்சி, ஒங்க விதிதான் இருக்குறதுலயே கெட்டி. அப்படியே சேத்துர்றேன்."

ஆஞ்சல் அதை எழுதினாள். என் வாயிலிருந்து வந்த ஒன்று விதியானது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். கழுத்தில் சாவி.

சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. புளியங்கொட்டை அளவு. கணினியில் செருகினால் நடுவில் ஒரு பொட்டு மினுக்கும், அதை விரலால் தொட வேண்டும். தன்னிடம் இருந்தால் மறுபடியும் வருவார்கள் என்று ஆஞ்சல் அதை நான் கழுத்தில் போட்டிருக்கும் மாதா உத்தரியத்தின் கயிற்றில் கோத்துவிட்டாள். "ஒன் கழுத்துல எவன் கைய வைப்பான்? கஞ்சி ஊத்திருவ." அவள் வாசித்துச் சரி சொல்வாள், நான் தொடுவேன். இப்படி ஒரு ஏற்பாடு எந்த ஊரிலும் இருக்காது என்று கலைமுகில் சொன்னான்.

இன்றைக்கு ஒன்று சேர்த்தோம். வெயிலில் எழுத்து தெரியவில்லை என்று யாரோ பெரிதாக்கி அனுப்பியிருந்தார்கள். தொட்டேன். சேர்ந்துவிட்டது. வாழைக்காய் வறுத்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

நம் ஆட்கள் விசைப்படகு ஒன்றின் மேல்தட்டைக் கொளுத்திவிட்டார்கள். உள்ளே ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தானாம். முதுகு முழுக்க வெந்துவிட்டது. கிளமெண்டின் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை. துவைத்துப் போட்டேன்.

கழுத்து வெந்தவனைப் போலீஸ் பிடித்துவிட்டது. அவன் வேறொரு படகுக்காரன் பேரைச் சொல்லியிருக்கிறான், ரெமிஜியூசுக்குச் சம்பந்தமே இல்லை என்கிறான். பொய்.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் ஆஞ்சல் கணினியைப் பார்த்துக்கொண்டே, "அடக் கடவுளே, இத எப்படி விட்டோம்," என்றாள். யாரோ ஒரு பிழையைக் கண்டுபிடித்து, திருத்தமும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சிவப்புப் பொத்தானை ஒருவர் அமுக்கி மணி அடித்துக்கொண்டிருந்தால், அதை யாராவது நிறுத்துகிற வரைக்கும், அந்தக் கடல் பகுதியில் அடுத்தவர் அமுக்குவது வெளியே போகாதாம்.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல முங்குனா, ஒருத்தன் சத்தந்தான் கேக்கும் ஆச்சி. இப்ப இருக்கிற சண்டையில இது இப்படியே கெடந்தா ஆள் சாவும்."

ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கலைமுகிலும் வாசித்தான். பழுதே இல்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவன் தன் சாவியைத் தொட்டுவிட்டான். ஆஞ்சல் என்னைக் கூப்பிட்டாள்.

"யாரு எழுதுனது?"

"அதப் பாக்கக் கூடாதுன்னு விதி."

"கேட்டா சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கா?"

கணினியை என் பக்கம் திருப்பினாள். "டெரன்ஸ். ரெமிஜியூஸ் மாமா மகன்."

கயித்தானின் பேரன்.

"மாமாவா? எவன்ட்டி ஒனக்கு மாமா?"

"ஆச்சி, அவன் அவங்க அப்பா போன்லயும் கரைமணிய வச்சுக் குடுத்திருக்கான். அவங்க படகுலயும் மனுசங்கதான் போறாங்க."

"அவன் பாட்டன் கட்டையால அடிக்கையில எங்க போயிருந்தாங்க இந்த மனுசங்க?"

"முப்பத்தெட்டு வருசம் ஆச்சு."

"முப்பத்தேழு வருசம், அஞ்சு மாசம், மூணு நாள்."

சோறு பொங்க வேண்டும், பிறகு தொடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

குளித்துவிட்டு வந்து பார்த்தால் உத்தரியக் கயிற்றில் சாவி இல்லை. கயிறு நைந்து போயிருந்தது. கிணற்றடியில் விழுந்திருக்கும். ஆஞ்சல் ஒற்றைக் கையால் சகதியைத் துழாவினாள், கிளமெண்ட் கிணற்றில் இறங்கினான். கிடைக்கவில்லை.

சிலுவைப்பாதைக்குப் போனேன். கால் வலி.

பிப்ரவரி 24, சனி

புதுச் சாவிக்கு ஆஞ்சல் இன்று காலை அறிவிப்பு வைத்துவிட்டாள். ஏழு நாள் ஆகும், அதாவது மார்ச் இரண்டு.

"விதியத் தள்ளி வச்சிட்டு இத மட்டும் சேத்துருவமா?" என்று கலைமுகில் போனில் கேட்டான். நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவ தள்ளுனா, அடுத்தவாட்டி குழவியோட வாறவனும் அதத்தான் சொல்லுவான்," என்றாள் ஆஞ்சல். பேசி முடித்ததும் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

குழம்பை நானே வைத்தேன். கட்டுப் போட்ட கையோடு அவள் அடுக்களைக்குள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கினேன். ஜாடி நிறைய உப்பு இருக்கிறதே என்று கிளமெண்ட் கேட்டான். அது கருவாட்டுக்கு, யாரும் கை விடக் கூடாது என்றேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

விடிந்ததும் பதினெட்டு வள்ளம் போனது. எதிரே ஏழு விசைப்படகு. பத்தரை மணிக்கு அடித்துக்கொண்டார்கள். கரையிலிருந்தே புகை தெரிந்தது. ஒன்றன் மேல் ஒன்று ஏறி மோதியிருக்கிறது. நங்கூரத்தைக் கயிற்றோடு சுழற்றி வீசியிருக்கிறார்கள். ஒருவனுக்குத் தாடை பெயர்ந்து தொங்கியது. ஒருவனுக்கு இரண்டு விரல் இல்லை. பாட்டிலில் மண்ணெண்ணெய், திரி, எல்லாம் இரண்டு பக்கமும் இருந்தது. நம் பக்கம்தான் முதலில் வீசினார்கள் என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

பதினொன்று ஐந்துக்கு வீட்டில் இருந்த போன்கூட அலறியது. கிளமெண்டின் பேர். வள்ளம் கவிழ்ந்து அவன் தண்ணீரில். ஆஞ்சல் வாசலில் விழுந்து கும்பிட்டாள். பதினொன்று இருபதுக்கு மூன்று வள்ளம் சேர்ந்து அவனைத் தூக்கிவிட்டன. அந்த மணி இல்லாவிட்டால் என் மகன் இல்லை.

கரைக்குக் கொண்டுவந்தார்கள். நெற்றி பிளந்திருந்தது. மஞ்சள் வைத்து அழுத்திப் பிடித்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என் மடியில் வாந்தி எடுத்தான். கையில் என்ன வைத்திருந்தான் என்று நான் கேட்கவில்லை. மூலையில் சாத்தியிருக்கும் மண்டாவைக் காணோம். கடலில் விழுந்திருக்கும்.

கவிழ்ந்து மிதந்த வள்ளத்தின் கட்டையில் கட்டியிருந்த அவன் போனை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். யாரும் மணியை நிறுத்தவில்லை. மதியம் ஒரு மணிக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 28, புதன்

ரெமிஜியூஸ் காலையில் பிணமாகக் கரை ஒதுங்கினான். அவன் படகு எரிந்தபோது தண்ணீரில் குதித்திருக்கிறான். ஆட்கள் ஆளுக்கொரு படகில் ஏறித் தப்பியிருக்கிறார்கள், அவன் இன்னொரு படகில் இருப்பான் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். தொடையில் ஆழமான குத்து. ரத்தம் போய்த்தான் உயிர் போயிருக்கிறது. மெதுவாகத்தான் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

பிளாஸ்டிக் உறையில் போன் கழுத்தில் தொங்கியது. பதினொன்று ஏழிலிருந்து பதினொன்று ஐம்பது வரை பதினோரு தடவை சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறான். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

மதியம் ஆஞ்சல் கணினியைத் திறந்தாள். டெரன்ஸ் எழுதியிருந்தான். அவள் வாசித்தாள், நான் கேட்டேன். "அப்பா போயிட்டாங்க. நான் அனுப்புனது அப்படியே கிடக்கு. தயவுசெஞ்சு சேத்துருங்க. அடுத்தவங்களுக்காவது கேக்கட்டும்."

எனக்குக் குழம்புக்கு உப்பு எடுக்க வேண்டியிருந்தது. கையை விட்டால் சாவி தட்டுப்பட்டது. உப்பு ஜாடிக்குள். எப்படிப் போனதோ.

கொண்டுவந்து மேசையில் வைத்தேன். துணியில் சுற்றியிருந்தது. ஆஞ்சல் துணியைப் பார்த்தாள். என் பழைய ரவிக்கையின் துணி. முடிச்சைப் பார்த்தாள். உப்பைத் துடைத்துச் செருகினாள். பொட்டு மினுக்கியது. நான் தொட்டேன்.

சேர்ந்துவிட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

மார்ச் 1, வெள்ளி

ஆஞ்சல் பேசுவதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள்.

தாமதம் ஆனால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. கரைமணியின் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி எழுதியிருக்கிறாள்: திருத்தம் வந்த தேதி, சேர்த்த தேதி, நடுவில் ஆறு நாள், காரணம். காரணத்துக்கு எதிரே வெறுமையாக விட்டிருந்தாள்.

"தொலஞ்சு போச்சுன்னு போடு."

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "பொய்யச் சேக்க மாட்டேன் ஆச்சி. சேக்க மாட்டேன்னதுக்குத்தான் இந்தக் கைய உடைச்சாங்க, நீங்க பாத்தீங்கல்ல," என்று கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டினாள். நீ என்று கூப்பிடுகிற பிள்ளை நீங்க என்று சொன்னாள்.

"பின்ன நீயே எழுது. ஒனக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சவங்கதான் எழுதணும். நான் வாசிப்பேன். அவ்வளவுதான் என் வேல."

மார்ச் 3, ஞாயிறு

பூசை முடிந்து கயித்தான் வீட்டுக்குப் போனேன். முப்பத்தேழு வருஷமாக அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. முற்றத்தில் ரெமிஜியூஸின் படத்துக்கு மாலை. பெண்கள் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி விளக்குமாற்றை எடுத்தாள்.

"விடு. உள்ள வரட்டும்," என்று குரல் வந்தது.

கட்டிலில் கிடந்தான். எண்பத்தைந்து இருக்கும். காலில் பலம் இல்லை, கண் மட்டும் அப்படியே இருந்தது.

"ஞானப்பூ. லாசர் பெண்டாட்டி."

"ஆமா."

"பாக்க வந்தியா? நல்லாப் பாத்துக்க."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"கோர்ட்டுல நீ பதினெட்டுன்னு சொன்ன. நான் கூண்டுல நின்னுட்டிருந்தேன். பத்தொம்பது வெள்ளிக்கிழம. ஒனக்கு மறந்தது எனக்கு மறக்கல. சொல்லியிருக்கலாம். சொல்லல."

பக்கத்தில் பித்தளைச் செம்பு இருந்தது. எடுத்து அந்த மண்டையில் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து ஒருவன், "ஆச்சி, தண்ணி குடிக்கீங்களா?" என்றான். ஒல்லியாக, தாடியோடு. டெரன்ஸ். அவன் அப்பாவைப் போலவும் இல்லை, பாட்டனைப் போலவும் இல்லை.

குடித்தேன். அந்த வீட்டுத் தண்ணீரை.

"ஆஞ்சல் கை எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

கயித்தான் சொல்லாமல் விட்டது போலவே, நானும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 4, திங்கள்

நேற்று முழுக்க அதையே நினைத்தேன். அவனுக்குத் தேதி தெரிந்திருந்தது, சொல்லவில்லை. எனக்கும் தெரியும். நானும் சொல்லவில்லை.

இன்று காலையில் எழுதினேன். மூன்று தடவை அடித்து எழுதினேன்.

காரணம்: சாவி தொலையவில்லை. பிப்ரவரி 22 வியாழன் மதியம் சோறு பொங்கும்போது நான் அதை ரவிக்கைத் துணியில் சுற்றி உப்பு ஜாடிக்குள் வைத்தேன். எழுதியவன் யார் என்று பார்த்தேன், பார்க்கக் கூடாது என்ற விதி தெரிந்தும் பார்த்தேன். பிப்ரவரி 27 பகலில் ரெமிஜியூஸ் அமுக்கியது கேட்காமல் போனது அதனால். ஞானப்பூ.

ஆஞ்சலிடம் கொடுத்தேன். மெதுவாக வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"சரி," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னொருத்தர் வாசிக்கணும் ஆச்சி. கலைக்கு அனுப்புதேன்."

"கலைமுகில் வேண்டாம். டெரன்ஸ் வாசிக்கட்டும். அவன் சரின்னு சொன்னா சேத்துரு."

அவள் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். "இந்தத் தாள மட்டும்தான?"

"நோட்ட முழுசா குடுக்கப் போறேன்."

"அதுல அப்பாவப் பத்தி இருக்கு. சட்ட, மண்ணெண்ண வாடை. மண்டா." கட்டுப் போட்ட கையை நோட்டின் மேல் வைத்தாள். "அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துருவோமா?"

கிளமெண்ட் உள்ளே நெற்றித் தையலோடு தூங்குகிறான். வயிற்றில் சுமந்த பிள்ளை. லாசர் போனபோது அவனுக்கு ஆறு வயது, அன்றிலிருந்து நான் பெற்ற கோபத்தையெல்லாம் சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். மண்டாவை அவன் கையில் கொடுத்தது யார் என்று யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை.

"ஒரு வரியக்கூடத் தாண்டக் கூடாதுன்னு நீதானட்டி எழுதுன," என்றேன்.

கயித்தான் மேல் எனக்கு இருப்பது அப்படியே இருக்கிறது. அது செத்தாலும் போகாது. ஆனால் அந்தப் பையன் கோர்ட்டுக்குப் போனால் தேதி தெரியாமல் நிற்க வேண்டாம். கிழமையும் நேரமும் எல்லாம் இதில் இருக்கிறது. எதையும் நான் கிழிக்கவில்லை.

பத்து மணி ஆகிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.